டீச்சர்மார் ஆறுதலாகக் கற்கட்டும்

ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி எப்படி அமைய வேண்டும் என்று ஓர் உயர்தர வகுப்பு மாணவி எழுதுவது சிலருக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியலாம். அப்படி நினைப்பவர்கள் தவணைப் பரீட்சை முடிந்த வாரத்தில் ஏதாவது ஒரு பாடசாலையின் கணினி ஆய்வுகூடத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே எக்செல்லில் புள்ளி பதிந்துகொண்டிருப்பவர்கள் அநேகமாகப் பிள்ளைகள்தான். "மகள், உங்களுக்குக் கெதியா வரும்தானே, இதைக் கொஞ்சம் அடிச்சுத் தாங்க" என்று ஒரு டீச்சர் கேட்டால் மறுக்க யாருக்கு மனம் வரும்? போகிறோம். அன்றைக்குப் பொருளியல் பாடவேளை போகிறது. மறுநாள் அளவையியல் பாடவேளை போகிறது. போன பாடத்தை யாருடைய கொப்பியையாவது வாங்கி எழுதிக்கொள்ளலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் பத்தாம் தரத்தில் படிக்கும் தோழியின் தங்கை கணிதத்தில் எடுத்த 17 புள்ளியை, அவளுடைய உம்மா அறிவதற்கு முன்னர் நாங்கள் அறிந்துகொள்வது சரியா? அந்தத் தங்கையின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே இது டீச்சர்மாரின் விடயம் மட்டுமல்ல. அவர்கள் கற்பதும் கற்காமல் விடுவதும் எங்கள் பாடவேளையிலும் எங்கள் மானத்திலும் வந்து முடிகின்றன.

குறை டீச்சர்மாரிடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவர்களுக்குத் தரப்படும் பயிற்சி மனதில் நிற்காத விதத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் ஆசிரியர் பயிற்சி என்றால் பெரும்பாலும் செயலமர்வுதான். கடிதம் வரும், ஒரு பாடசாலைக்கு இரண்டு பேர் என்று. என் சாச்சி ஆரம்பப் பிரிவு ஆசிரியை. அவர் போய்வந்து சொல்லும் கதை எப்போதும் ஒன்றுதான். கணினி ஒன்றுக்கு இரண்டு பேர், சில இடங்களில் மூன்று பேர். மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பயிற்சி, மற்றவர்கள் பார்வையாளர்கள். வளவாளர் திரையில் காட்டிக்கொண்டே போவார். முன்வரிசையில் இளம் ஆசிரியர்கள் அவரோடு சேர்ந்து ஓடுவார்கள். பின்வரிசையில் "இப்ப எங்க அழுத்தினார்?" என்று காதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், இருபது இருபத்தைந்து வருடம் கற்பித்தவர்கள். கையை உயர்த்திக் கேட்க வெட்கம். பகல் சாப்பாட்டுப் பார்சல், பின்னேரத் தேநீர், குழுப்படம், சான்றிதழ். திங்கட்கிழமை பாடசாலைக் கணினியைத் திறந்தால் அங்கே இருப்பது எக்செல்லின் வேறொரு பதிப்பு. செயலமர்வில் பார்த்த பொத்தான் பார்த்த இடத்தில் இல்லை.

வளவாளரிலும் பிழையில்லை. நாற்பது பேரின் நாற்பது வேகத்துக்கும் ஒருவர் ஒரே நாளில் ஈடுகொடுக்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. இலங்கையில் ஆசிரியர்களில் பெரும்பான்மையானவர்கள் பெண்கள். எங்களைப் போன்ற கல்லூரிகளில் சொல்லவே வேண்டியதில்லை. சனிக்கிழமை செயலமர்வு என்றால் பிள்ளையை யாரிடம் விடுவது, பகல் சமையலை யார் பார்ப்பது, இரண்டு பஸ் மாறி இருட்டுவதற்குள் வந்துசேர முடியுமா என்பதெல்லாம் கடிதத்தில் எழுதப்படாத விடயங்கள்.

எங்கள் பேச்சில் "ஆறுதலா" என்ற சொல் இரண்டு விதமாகப் புழங்குகிறது. மனம் நொந்தவருக்குச் சொல்வது ஒன்று. விருந்துக்கு வந்தவரிடம் "அவசரமில்ல, ஆறுதலாச் சாப்பிடுங்க" என்று சொல்வது மற்றது. சுயவேகக் கற்றல் என்று பெரியவர்கள் சொல்வது எனக்கு இந்த இரண்டாவது ஆறுதலாகவே விளங்குகிறது. பாடங்கள் இணையத்தில் இருக்கும். விரும்பிய நேரத்தில் திறக்கலாம், விளங்காவிட்டால் பத்துத் தடவையும் பார்க்கலாம், பின்வரிசை வெட்கம் கிடையாது. எங்கள் வயதுப் பிள்ளைகள் பலர் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இலவசமாக நடத்தும் இணையப் பாடநெறிகளில் சேர்ந்து பைத்தன் நிரலாக்கம்கூடப் படிக்கிறார்கள். மாணவர்களுக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இருக்கிறது. டீச்சர்மாருக்கும் இப்படி ஒன்று இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும்.

அவ்வளவு இலகுவில்லை. இணையவழிப் பாடநெறி ஒன்றைச் சாச்சி செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். யார் நடத்தியது என்பது இங்கே தேவையில்லை. வீடியோ ஒவ்வொன்றும் நாற்பது நிமிடத்துக்கு மேல். பேச்சு முழுவதும் ஆங்கிலம். "மகள், இது ஓடட்டும், நான் கறிய இறக்கிட்டு வாறன்" என்று சாச்சி குசினிக்குப் போய்விடுவார். வீடியோ ஆளில்லாத மண்டபத்துக்கு விரிவுரை நடத்திக்கொண்டிருக்கும். முடிவில் பத்துப் பல்தேர்வு வினாக்கள். பிழைத்தால் திரும்பச் செய்யலாம் என்பதால் மூன்றாம் தடவையில் நூற்றுக்கு நூறு. சான்றிதழும் வந்தது, பெயர் அழகாக அச்சிடப்பட்டிருந்தது. அடுத்த கிழமை, வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கூகுள் படிவம் செய்ய வேண்டும் என்று கைத்தொலைபேசியை என்னிடம்தான் நீட்டினார்.

செயலமர்வைத் தூக்கி அப்படியே இணையத்தில் வைத்தால் அது சுயவேகக் கற்றல் ஆகிவிடாது. நீட்டி முழக்கிய பேச்சைக் கட்டில் வரைக்கும் கொண்டுவந்ததுதான் மிச்சம். உலகெங்கும் இலவச இணையப் பாடநெறிகளில் சேருகிறவர்களில் பெரும்பாலானோர் முடிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. சாச்சியைப் போல முடித்தும் முடிக்காதவர்கள் அந்தக் கணக்கில்கூட வரமாட்டார்கள்.

அப்படியானால் வயதுபோன டீச்சர்மாருக்கு இது வராது என்று கைவிடுவதா? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாங்கள் ஏழாம் தரம். எங்களுக்குக் கணிதம் தந்த டீச்சர் அதுவரை கைத்தொலைபேசியைப் பேசுவதற்கு மட்டுமே பாவித்தவர். இரண்டு கிழமைக்குள் அவர் கணக்கைத் தாளில் செய்து, படி படியாகப் படமெடுத்து, ஒவ்வொரு படத்தின் கீழும் குரல்பதிவு வைத்து வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார். பின்னணியில் சேவல் கூவும், அதையும் சேர்த்துத்தான் பின்னக் கணக்குப் படித்தோம். அவருக்கு யாரும் செயலமர்வு வைக்கவில்லை. நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் போக வேண்டும் என்ற தேவை இருந்தது, வீட்டில் கேட்க ஒரு மகன் இருந்தார், பிழைவிட்டால் சிரிக்க ஆளிருக்கவில்லை. பயிற்சி ஒன்றை வடிவமைக்க நினைக்கும் எவரும் இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தேவை என்பதிலிருந்து பார்ப்போம். "எக்செல் ஓர் அறிமுகம்" என்று பாடம் தொடங்கினால் டீச்சர் தூங்கிவிடுவார். "38 பிள்ளைகளின் தவணைப் புள்ளிப் பட்டியல்" என்று தொடங்கினால் நிமிர்ந்து உட்காருவார். ஒன்பது பாடங்கள். ஒரு பிள்ளை காய்ச்சலால் ஒரு பாடத்துக்கு வரவில்லை. மற்ற எட்டிலும் தலா 60 எடுத்திருக்கிறாள். வராத கட்டத்தில் பூச்சியம் போட்டால் எக்செல் 480ஐ ஒன்பதால் வகுத்துச் சராசரி 53 என்று காட்டும். அதே கட்டத்தில் "ஏ.பி." என்று எழுத்தில் போட்டால் சராசரிக்கான சூத்திரம் அந்தக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் 60 என்று காட்டும். வராத பிள்ளைக்கு எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பது வகுப்பாசிரியரும் அதிபரும் எடுக்க வேண்டிய தீர்மானம். அது தெரியாமலே அந்தத் தீர்மானத்தை எக்செல் எடுத்துவிடக் கூடாது.

இதைவிடப் பயங்கரமானது ஒன்று உண்டு. புள்ளி நிரலை மட்டும் தெரிவுசெய்து கூடியதிலிருந்து குறைந்ததற்கு அடுக்கச் சொன்னால், பக்கத்து நிரல்களையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். வேண்டாம் என்று அழுத்திவிட்டால் புள்ளிகள் இடம்மாறும், பெயர்கள் அப்படியே நிற்கும். ஒருத்தியின் 91 இன்னொருத்தியின் பெயருக்கு எதிரே போய் உட்காரும். பார்ப்பதற்குப் பட்டியல் மிக நேர்த்தியாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. தேர்ச்சி அறிக்கை வீட்டுக்குப் போய், வாப்பா ஒரு பார்வை பார்த்த பிறகு அந்தப் பிள்ளை என்ன சொல்லி என்ன? இந்த ஒரு விடயத்துக்கு ஐந்து நிமிடப் பாடம் போதும். அதன் பெறுமதி எந்தச் சான்றிதழிலும் இல்லை.

அடுத்தது பாமினி. இதை வாசிக்கும் பெற்றோருக்கும் இது தெரிந்த தலையிடிதான். பாடசாலையிலிருந்து வரும் அறிவித்தலைக் கைத்தொலைபேசியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்து ஏதோ இரகசிய மொழிபோலத் தெரியும். காரணம் சின்னது. பாமினியில் அடிக்கும்போது கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துக்கள்தான். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது, அவ்வளவே. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசிக்குப் போனதும் வேஷம் கலைந்துவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகத் தெரிவதும் இதனால்தான். வருடக்கணக்காக பாமினியில் அடித்துச் சேர்த்த வினாத்தாள்களை டீச்சர் கூகுள் படிவத்தில் ஒட்டிப் பார்த்து, "இது எனக்குச் சரிவராது" என்று மூடிவிடுகிறார். சிங்களப் பாடசாலைகளிலும் எப்.எம். அபய எழுத்துருவோடு இதே பாடுதான். ஆனால் அந்த டீச்சர் தினமும் வட்ஸ்அப்பில் தமிழில் எழுதுகிறாரே, அது யுனிகோட்! அவர் ஏற்கனவே அறிந்த ஒன்றைத்தான் பாடம் எடுத்துக்காட்ட வேண்டும். பழைய வினாத்தாளை ஒரு மாற்றியில் போட்டு யுனிகோட்டாக எடுப்பது எப்படி, மாறிய பிறகு எந்தெந்த எழுத்துக்களைச் சரிபார்க்க வேண்டும் என்பவை அடுத்த ஐந்து நிமிடம். தமிழ் மொழிமூலப் பாடசாலைகளுக்கான எந்தப் பயிற்சியும் இதிலிருந்து தொடங்காவிட்டால் அதைச் செய்தவர்கள் ஒருநாளும் ஓய்வறையில் டீச்சர்மாரோடு உட்கார்ந்ததில்லை என்றுதான் நினைப்பேன்.

பாடம் தமிழில் இருக்க வேண்டும் என்பது சரி, ஆனால் எந்தத் தமிழில்? இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ் ஆங்கிலத்தைவிடக் கஷ்டம். திரையில் "ஷெயார்" என்று இருந்தால் பாடத்திலும் "ஷெயார் என்பதை அழுத்துங்கள்" என்று இருக்கட்டும். "பகிர்வுப் பொத்தானை இயக்குக" என்று எழுதினால் டீச்சர் திரை முழுக்கத் தேடுவார். தூய தமிழ் பற்றிய விவாதத்தைத் தமிழ்த்தின விழா மேடைக்கு வைத்துக்கொள்வோம்.

பாடங்கள் கைத்தொலைபேசியில் திறக்க வேண்டும். மடிக்கணினி எல்லா வீட்டிலும் இல்லை, இருந்தாலும் அது உயர்தரம் படிக்கும் மகனிடமோ மகளிடமோதான் இருக்கும். வீடியோவோடு அதே பாடம் படங்களும் எழுத்துமாகத் தரவிறக்கக்கூடிய ஒரு தாளாகவும் இருக்க வேண்டும். டேட்டா முடிந்தாலும் அது திறக்கும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த நாடு இது. வீடியோவை மட்டும் நம்பிப் பயிற்சி வைப்பது புத்திசாலித்தனமல்ல.

எங்கள் கல்லூரிபோன்ற இடத்துக்கு மிக அவசியமான பாடம் ஒன்றை எந்தப் பாடநெறியிலும் நான் காணவில்லை. வட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்தால் எல்லோருடைய தொலைபேசி இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளையின் இலக்கம் குழுவில் உள்ள இன்னொரு பிள்ளையின் நானாவின் கைக்குப் போக ஒரு நிமிடம் போதும். இணையவழி வகுப்புக் காலத்தில் பல வாப்பாமார் மகள்மாரைக் குழுவில் சேர்க்கத் தயங்கியதற்கு இதுதான் காரணம், படிப்பில் அக்கறை இல்லாததால் அல்ல. குழுவுக்குப் பதிலாக புரோட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. பெறுகிறவர்கள் டீச்சரின் இலக்கத்தைச் சேமித்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. சூம் வகுப்பைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடும்போது பிள்ளைகளின் முகங்களும் போகின்றன. புள்ளிப் பட்டியலை இணைப்பு வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்று விட்டுவிட்டால், அந்த இணைப்பு எங்கெங்கு போகும் என்று சொல்ல முடியாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. நாங்கள் இன்னும் பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் அடங்கிய பட்டியலைக் குழுவில் போட்டு "உங்கட பிள்ளைட பேர் சரியா எண்டு பாருங்க" என்கிறோம். அலுவலக எழுதுவினைஞர், நூலகர், ஆய்வுகூட உதவியாளர் ஆகியோரும் இந்தப் பாடத்தைச் செய்ய வேண்டும். அவர்கள் கையிலும் எங்கள் விபரங்கள் இருக்கின்றன. பயிற்சிக் கடிதங்கள் வரும்போது அவர்களை யாரும் நினைப்பதில்லை.

பாடத்தின் முடிவில் பல்தேர்வு வினா வேண்டாம். டீச்சர் செய்த உண்மையான வினாத்தாளையோ படிவத்தையோ அனுப்பட்டும். அதைப் பார்த்து ஒருவர் இரண்டு வரி பதில் எழுதட்டும். வேலையும் முடிந்துவிடும், கற்றதும் தெரிந்துவிடும்.

பதில் எழுத ஒருவர் வேண்டும் என்றேன். ஆறுதலாகக் கற்பது என்றால் தனிமையில் கற்பது என்று விளங்கிக்கொண்டவர்களால்தான் இந்தப் பாடநெறிகள் பாதியில் நிற்கின்றன. இரண்டு டீச்சர்மார் சேர்ந்து ஒரு பாடத்தைச் செய்தால் ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். மவுஸ் பிடித்தே பழக்கமில்லாதவருக்கு முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டத்தான் வேண்டும், அதை எந்த வீடியோவும் செய்யாது. எனவே செயலமர்வை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். முதல் நாளுக்கு அது இருக்கட்டும்.

நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், "விரும்பிய நேரத்தில் கற்கலாம்தானே, இரவில் செய்யட்டும்" என்பவர்கள் இருக்கிறார்கள். விரும்பிய நேரம் என்பது கடைசியில் வீட்டு வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கி, கண் சொருகும் நேரமாகிவிடுகிறது. நோன்பு விடுமுறையில் செய்யலாமே என்றும் ஒரு யோசனை அடிக்கடி வரும். நான் உடன்படமாட்டேன். சஹருக்கு எழும்பி, இஃப்தாருக்குக் கஞ்சி காய்ச்சி, தராவீஹ் தொழுது முடிக்கும் ஒரு தாயிடம் அந்த மாதத்தில் எக்செல் கேட்பது அநியாயம். அது இபாதத்துக்கான காலம். நேரசூசியில் கிழமைக்கு ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்குவதுதான் நேர்மையான வழி. ஒரு பாடவேளை 40 நிமிடம். அதில் ஐந்து நிமிடப் பாடம் ஒன்றைப் பார்த்து, செய்து, பிழைவிட்டு, திருத்தவும் நேரம் மீதியிருக்கும். அந்த நேரத்தில் வகுப்பை யார் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானதே. புள்ளி பதிய எங்களை வகுப்பிலிருந்து எடுக்கும்போது அந்தக் கேள்வி ஏன் எழுவதில்லை?

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் பெற்றோரிடமும் பழைய மாணவியர் சங்கத்து ராத்தாமாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஸ்மார்ட் போர்டுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்னர் ஆசிரியர் ஓய்வறைக்கு ஒரு வைஃபை ரவுட்டரும் இரண்டு கணினிகளும் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். ஸ்மார்ட் போர்ட் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டலாம், படமெடுக்கலாம். ரவுட்டருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஆனாலும் பலகைக்கு முன்னால் நிற்கப்போகிறவர் கற்காமல் பலகை மட்டும் என்ன செய்யும்?

பாடங்களை யார் செய்வது என்று மேலிடத்தைப் பார்த்துக் காத்திருக்கவும் தேவையில்லை. தரமான பெரிய பாடநெறியைத் தேசிய கல்வி நிறுவகம் போன்ற ஒன்றுதான் செய்ய முடியும், செய்யவும் வேண்டும். அதுவரைக்கும் ஆறு சின்னப் பாடங்களை உயர்தர மாணவியர் நாங்கள் செய்யலாம். பொதுத் தகவல் தொழினுட்பம் நாங்களும் படிக்கிறோம். திரையைப் பதிவுசெய்து குரல் மட்டும் கொடுத்தால் போதும், முகம் தேவையில்லை. என்ன பாடம் வேண்டும் என்பதை டீச்சர்மார் சொல்லட்டும், விளக்கம் சரியா என்று ஐ.சி.ரி. டீச்சர் பார்க்கட்டும். டீச்சர்மாரின் புள்ளிகளை நாங்கள் பதிந்துகொடுக்க ஆகும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆகாது. பாடம் ஒருமுறை செய்துவிட்டால் அடுத்த வருட அக்காமாரைப் பாடவேளையில் யாரும் கூப்பிட வரமாட்டார்கள்.

எங்கள் வகுப்பில் நான்கு பேர் சம்மதித்திருக்கிறார்கள். முதல் பாடத்தின் தலைப்பும் முடிவாகிவிட்டது: "ஏ.பி. போட வேண்டிய இடத்தில் பூச்சியம் போட்டால் என்ன நடக்கும்?" குரல் கொடுக்க ஒருத்தி தேவை. அவசரமில்லாமல் பேசத் தெரிந்தவளாக இருக்க வேண்டும்.